நெறி கட்டினால் ஊசி குத்திப் பார்ப்பது எதற்கு? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் நெறி கட்டுவதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். உடம்பில் ஏறக்குறைய 600 நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன, பக்கத்தில் எங்காவது கிருமி புகுந்தால் அவை வீங்கும், பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும், வடியாவிட்டால் மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பரிசோதிப்போம், அதற்குத்தான் எஃப்.என்.ஏ.சி. என்று பெயர் என்று. அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை கேள்விகளும் வந்திருக்கின்றன. நான் நோயியல் மருத்துவன், அதாவது ஊசி குத்தி எடுப்பதும் எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதும்தான் என் அன்றாட வேலை. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 27 வயது. கழுத்தின் வலது பக்கம் ஒன்றரை மாதமாக ஒரு கட்டி. வலி இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. எஃப்.என்.ஏ.சி. எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டியில் ஊசி பட்டால் அது புற்றுநோயாக மாறிவிடும், ஏற்கனவே இருந்தால் பரவிவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். போகலாமா டாக்டர்?

போங்கள் அம்மா, தள்ளிப் போடாமல் போங்கள்.

ஊசி குத்துவதால் சாதாரணக் கட்டி புற்றாக மாறாது. அதற்கு வழியே கிடையாது. ஏற்கனவே புற்று இருந்தால் ஊசி போன பாதையில் செல்கள் ஒட்டிக்கொண்டு வளருமா என்பது நியாயமான சந்தேகம்தான், மருத்துவர்களும் அதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு மெல்லிய ஊசியில், கணுக்களில், அப்படி நடப்பது மிக மிக அரிது. அதற்குப் பயந்து ஆறு மாதம் கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், கெடுதல் எல்லாம் அந்த ஆறு மாதத்தில்தான் நடந்திருக்கும்.

என்ன செய்வோம் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும், அதனால் விவரமாகவே சொல்கிறேன். முதலில் உங்களைப் படுக்க வைத்தோ உட்கார வைத்தோ கட்டியை விரலால் தடவிப் பார்ப்போம். எத்தனை சென்டிமீட்டர், தோலுக்கடியில் நழுவுகிறதா, ரப்பர் மாதிரி இருக்கிறதா, கல் மாதிரி இறுகியிருக்கிறதா, இரண்டு மூன்று கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றனவா என்று. பாதி விஷயம் இந்தத் தடவலிலேயே பிடிபடும். அப்புறம் ஸ்பிரிட்டால் துடைத்து, கட்டி நழுவாமல் இரண்டு விரலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு ஊசியை உள்ளே விடுவோம். பெரும்பாலும் 23 கேஜ் ஊசி, தடிமன் 0.6 மில்லிமீட்டர்தான், கையில் இரத்தம் எடுக்கிற ஊசியைவிடத் தடித்தது இல்லை. உள்ளே போன ஊசியை வெளியே எடுக்காமல் கட்டிக்குள்ளேயே முன்னும் பின்னுமாகச் சில தடவை நகர்த்துவோம். அந்தப் பத்து விநாடிக்கு எச்சில் விழுங்காமல், பேசாமல் இருந்தால் போதும். மரத்துப்போக வைக்கும் ஊசி பெரும்பாலும் போடுவதில்லை, ஏனென்றால் அதுவும் இன்னொரு குத்துதானே. இரண்டு மூன்று இடத்தில் இப்படி எடுப்போம்.

பெயரில்தான் உறிஞ்சுதல் இருக்கிறது, பல சமயம் நாங்கள் உறிஞ்சுவதே இல்லை. சிரிஞ்சு இல்லாமல் வெறும் ஊசியை மட்டும் குத்தினாலே, நுண்ணிய குழாயில் தண்ணீர் ஏறுகிற மாதிரி செல்கள் தானாக ஊசிக்குள் ஏறிவிடும், இரத்தமும் அதிகம் கலக்காது. கிடைப்பது ஒரு சொட்டுகூட இருக்காது. அதைக் கண்ணாடி ஸ்லைடில் தள்ளி, இன்னொரு ஸ்லைடை மேலே வைத்து மெதுவாக இழுத்துப் பரப்ப வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் நிணநீர்க் கணுவின் செல்கள் நசுங்கி நூல் நூலாகிவிடும், அப்புறம் யார் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. சில ஸ்லைடுகளைக் காற்றில் உலர விடுவோம், சிலவற்றை ஈரம் காய்வதற்குள் ஆல்கஹாலில் போட்டாக வேண்டும், இரண்டுக்கும் சாயம் வேறு வேறு. நீங்கள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நாங்கள் இந்த வேலையில்தான் இருப்போம். ஒரு ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், அவ்வளவுதான். லேசாகக் கன்றிப் போகலாம், ஒன்றிரண்டு நாள் தொட்டால் வலிக்கலாம். அன்றைக்கே வேலைக்குப் போகலாம்.

இது நேற்று வந்த சோதனையும் இல்லை. உகாண்டாவில் தூக்க நோயை ஆராய்ந்துகொண்டிருந்த கிரெய்க், கிரே என்ற இரண்டு மருத்துவர்கள் 1904-லேயே நோயாளிகளின் கழுத்துக் கணுக்களில் ஊசி குத்தி, எடுத்த நீரில் அந்த நோயின் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார்கள். 1930-ல் நியூயார்க்கில் மார்ட்டின், எல்லிஸ் இருவரும் கட்டிகளை ஊசியால் உறிஞ்சிப் பரிசோதிக்கும் முறையை எழுதி வெளியிட்டபோது அவர்கள் பயன்படுத்தியது 18 கேஜ் ஊசி, இன்றைய ஊசியைப்போல இரண்டு மடங்கு தடிமன்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. கழுத்தின் இரண்டு பக்கமும் பட்டாணி அளவில் மூன்று நான்கு உருண்டைகள், ஒரு வருடமாக அப்படியே இருக்கின்றன. நன்றாக விளையாடுகிறான், எடையும் கூடுகிறது. அவனுக்கும் ஊசி எடுக்க வேண்டுமா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இப்போதைக்கு வேண்டியிருக்காது. குழந்தைகளின் கழுத்தில் சின்னச் சின்னக் கணுக்கள் கையில் தட்டுப்படுவது வெகு சாதாரணம், சளி, தொண்டைப் புண், சொத்தைப் பல், தலையில் பேன், பொடுகு என்று ஏதோ ஒன்றுக்கு அவை எழும்பிவிட்டு முழுக்க அடங்காமல் நின்றுவிடும். ஒரு சென்டிமீட்டருக்குள், நழுவுகிற மாதிரி, வளராமல் இருந்தால் குழந்தை மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, இறுகிப் போனாலோ, காரை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் எந்த அளவில் தட்டுப்பட்டாலோ காத்திருக்கக் கூடாது.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'ரியாக்டிவ் லிம்ஃபாய்டு ஹைப்பர்பிளேசியா' என்று வந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று அர்த்தமா? கட்டி மட்டும் குறையவே இல்லை.

உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதற்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம், கணு எதற்கோ எதிர்வினையாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது. மைக்ராஸ்கோப்பில் அது பார்க்க நன்றாகத் தெரியும். லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் சின்னது, நடுத்தர அளவு, பெரியது என்று எல்லா அளவிலும் கலந்து கிடக்கும், நடுநடுவே செத்த செல்களை விழுங்கிவிட்டு வயிறு நிறையத் துணுக்குகளோடு நிற்கும் பெரிய செல்கள். இந்தக் கலவைதான் எங்களுக்கு ஆறுதல் தரும் காட்சி. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தால்தான் லிம்போமாவோ, அதாவது நிணநீர்ப் புற்றோ, என்று நிமிர்ந்து உட்காருவோம்.

ஆனால் ஊசி கட்டிக்குள் ஒரு மூலைக்குத்தான் போய் வந்திருக்கிறது. கணுவின் ஒரு பகுதியில் மட்டும் நோய் இருந்தால் அது தப்பிவிடலாம். ஹாட்ஜ்கின் லிம்போமாவில் நோய் செல்களே மிகக் கொஞ்சம்தான் இருக்கும், சுற்றிலும் சாதாரணச் செல்கள் கூட்டமாக நிற்கும். மெதுவாக வளரும் சில லிம்போமாக்களின் செல்கள் சாதாரணச் செல் மாதிரியே இருக்கும். அதனால் ரியாக்டிவ் என்று எழுதும் ஒவ்வொரு முறையும் நான் கட்டி குறைகிறதா என்று பார்க்கச் சொல்லித்தான் எழுதுகிறேன், பலர் முதல் வரியோடு காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, ரிப்போர்ட் வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். மூன்று நான்கு வாரம் தாண்டியும் அதே அளவில் நின்றாலோ, வளர்ந்தாலோ, அதே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பப் போங்கள். ஊசியைத் திரும்ப எடுப்பதா, கணுவை எடுத்துப் பயாப்ஸி செய்வதா என்று அவர் முடிவு செய்வார். கூடவே காரணம் தெரியாத காய்ச்சல், படுக்கை நனைகிற அளவுக்கு ராத்திரி வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, இதில் ஏதாவது இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், அடுத்த நாளே போங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று பல இடங்களில் நெறி கட்டியிருந்தால் எச்.ஐ.வி. உள்படச் சில இரத்தப் பரிசோதனைகளும் தேவைப்படும். கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகளாலும் கணுக்கள் வீங்கும்.

கேள்வி: எனக்கு இருமலே இல்லை. ஆனால் கழுத்துக் கட்டியில் ஊசி எடுத்துவிட்டு டி.பி. மாதிரி இருக்கிறது என்கிறார்கள். 'கிரானுலோமா இருக்கிறது, கிருமி தென்படவில்லை' என்று ரிப்போர்ட். கிருமியே இல்லாமல் எப்படி டி.பி.? இன்னொரு சாம்பிள் வேறு கேட்கிறார்கள்.

டி.பி. என்றாலே இருமல் என்று மனத்தில் பதிந்துவிட்டது. நுரையீரலுக்கு வெளியே அந்தக் கிருமி தங்குகிற இடங்களில் கழுத்துக் கணு முக்கியமான ஒன்று. வலி இல்லாமல், பக்கத்துப் பக்கத்துக் கணுக்கள் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் மெதுவாகப் பெரிதாகும். சில சமயம் ஊசியை எடுக்கும்போதே தெரிந்துவிடும், திரிந்த பால் போலக் கெட்டியும் நீருமாக மஞ்சள் வெள்ளையில் ஏதோ வரும்.

கிரானுலோமா என்பது கிருமியை வெளியே விடாமல் உடம்பு கட்டும் வேலி. செருப்புத் தடம் போல நீண்ட கருவுள்ள செல்கள் கொத்தாகக் கூடி நிற்கும், கூடவே ஓரத்தில் வரிசையாகப் பல கருக்கள் அடுக்கிய ராட்சதச் செல், நடுவில் செத்துப்போன திசு. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் முதலில் டி.பி.யைத்தான் நினைப்போம். கிருமி கண்ணில் படவில்லை என்பதற்கு, கிருமி இல்லை என்று அர்த்தம் இல்லை. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரக்கணக்கில் கிருமிகள் இருக்க வேண்டும், கணுவில் பெரும்பாலும் அவ்வளவு இருப்பதில்லை.

அதற்காகத்தான் இன்னொரு சாம்பிள். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற சோதனை கிருமியின் மரபணுவைத் தேடுகிறது, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, டி.பி.க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்று இரண்டையும் சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதைப் பரிந்துரைத்தது, 2013-ல் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த சாம்பிளுக்கும் சேர்த்தது. அதோடு கல்ச்சருக்கும், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கவும் அனுப்புவார்கள், அந்தக் கிருமி மெதுவாக வளரும் என்பதால் முடிவு வர ஆறு எட்டு வாரம்கூட ஆகலாம். மருந்துக்கு அடங்காத கிருமியா என்று முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம், அதற்காக இன்னொரு குத்து வாங்குவதில் தப்பே இல்லை. முதல் தடவையே கொஞ்சம் தனியாக எடுத்து வைத்திருந்தால் உங்களை மறுபடி அலைய வைக்க வேண்டியிருந்திருக்காது, அது எங்கள் பக்கத்துக் குறை. ஊசியோ பயாப்ஸியோ எடுக்கப் போகிறவர்கள், 'டி.பி. பரிசோதனைக்கும் சேர்த்து எடுக்கிறீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள். சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்ட சதையில் கிருமியை வளர்க்க முடியாது.

கிரானுலோமா எல்லாமே டி.பி. இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், பூனை கீறியதால் வரும் தொற்று, சில பூஞ்சைகள், சில சமயம் புற்றுநோய்க்குப் பக்கத்தில் இருக்கும் கணு, இவற்றிலும் வரும். இன்னொன்று, நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம் எடுங்கள். கணுவில் மட்டும் இருக்கும் டி.பி. பேசுவதாலோ பக்கத்தில் உட்காருவதாலோ பிறருக்கு ஒட்டாது, நுரையீரலிலும் இருந்தால் விஷயம் வேறு.

கேள்வி: கணு டி.பி.க்கு மருந்து சாப்பிட்டு இரண்டரை மாதம் ஆகிறது. கட்டி குறைவதற்குப் பதிலாகப் பெரிதாகிவிட்டது, பக்கத்தில் புதிதாக ஒன்று வேறு. மருந்தை நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூட. மருந்து கிருமியைக் கொல்லும்போது செத்த கிருமிகளுக்கு எதிராக உடம்பு சீறி எழுவதால் கணுக்கள் வீங்குவதும் புதிதாக வருவதும் உண்டு. இது தெரிந்த விஷயம்தான், மருந்து தோற்றுவிட்டது என்று உடனே அர்த்தமில்லை. ஆனால் வேறு நோய் சேர்ந்திருக்கிறதா, கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததா என்றும் பார்த்தாக வேண்டும், அதனால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் மறுபடி ஊசி எடுத்துப் பார்ப்பார்கள். யாராவது கீறிவிட்டால் சரியாகிவிடும் என்றால் சம்மதிக்காதீர்கள், இந்த வகைக் கட்டியைக் கீறிவிட்டால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருக்கலாம். சீழ் அதிகம் சேர்ந்திருந்தால் ஊசியால் எடுத்துவிட முடியும்.

கேள்வி: ஊசி எடுத்ததில் 'லிம்போமா சந்தேகம்' என்று வந்தது. இப்போது கணுவையே முழுதாக எடுக்க வேண்டும் என்கிறார்கள். முதலிலேயே அதைச் செய்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்குமே?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கழுத்துக் கட்டியோடு வருகிற எல்லோருக்கும் முதலிலேயே கத்தி வைத்தால், பலருக்குத் தேவையில்லாமல் கழுத்தில் தழும்பு போட்டதாகிவிடும்.

ஊசி செல்களைக் கொண்டுவருகிறது, அவை கணுவுக்குள் எப்படி அடுக்கியிருந்தன என்பதைக் கொண்டுவருவதில்லை. ஒரு கல்யாணக் கூட்டத்திலிருந்து பத்துப் பேரை வெளியே இழுத்து நிறுத்தினால் முகத்தைப் பார்க்கலாம், யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்ல முடியுமா? லிம்போமாவில் எங்களுக்கு அதுதான் வேண்டும். டஜன் கணக்கில் வகைகள், வகைக்கு ஒரு சிகிச்சை, சிலவற்றுக்கு உடனே மருந்து, சிலவற்றுக்குக் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். கணு முழுதாகக் கிடைத்தால் அதன் அமைப்பைப் பார்த்து, பலவிதமான புரதச் சாயங்களைப் போட்டு, எந்த வகை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரு வாரம் போனதற்காக வருந்தாதீர்கள், சரியான பெயரோடு சிகிச்சை தொடங்குவது அதைவிட முக்கியம்.

இதில் ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். கணுவை எடுக்கும்வரை ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுக்காதீர்கள். உங்கள் மருத்துவரே வேறு காரணத்துக்குக் கொடுத்திருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். வீக்கம் குறையட்டும் என்று யாரோ கொடுத்த ஸ்டீராய்டில் லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கிவிடும், நோயாளிக்குச் சந்தோஷம், எனக்குக் கிடைப்பது வெறும் செத்த செல்கள். சில வாரத்தில் கட்டி திரும்ப வரும். அப்படி ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுத முடியாமல் திருப்பி அனுப்பிய நாட்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, முப்பது வருடமாகப் புகைப்பவர். கட்டி கழுத்தில் இருக்கிறது. ஊசி எடுத்ததும் வாய், தொண்டை எல்லாம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கழுத்துக் கட்டிக்குத் தொண்டையில் என்ன வேலை?

அவர்கள் சரியாகத்தான் போகிறார்கள் தம்பி, ஒத்துழையுங்கள். இந்த வயதில், புகைப் பழக்கத்தோடு, கழுத்தில் இறுகிய கட்டி என்றால் அது வேறு இடத்திலிருந்து வந்து குடியேறியதா என்று பார்க்க வேண்டும். நாக்கின் அடி, டான்சில், மூக்குக்குப் பின்பக்கம், குரல்வளை, இங்கெல்லாம் ஒரு சின்னப் புண் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் இருந்துவிட்டு முதலில் கழுத்துக் கணுவில்தான் தன்னைக் காட்டும். நிணநீர்க் கணுவில் இருக்கவே கூடாத செல்களை ஊசி கொண்டுவந்திருக்கலாம், அவற்றின் தோற்றத்தை வைத்து எந்த வகைத் திசுவிலிருந்து கிளம்பியது என்று ஓரளவு சொல்லிவிடுவோம். காரை எலும்புக்கு மேலே, இடது பக்கம் இருந்தால் வயிற்றையும் மார்பையும் தேடச் சொல்வோம், வயிற்றின் நிணநீர் அந்தப் பக்கமாகத்தான் ஏறி வந்து சேருகிறது. அந்தக் கணுவுக்கு விர்ச்சோ என்ற ஜெர்மானிய நோயியல் மருத்துவரின் பெயரே நிலைத்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டியில் முதலில் ஊசிதான், எடுத்த எடுப்பில் கத்தி வைத்துத் திறப்பது பின்னால் செய்ய வேண்டிய அறுவைச் சிகிச்சையைச் சிக்கலாக்கிவிடும்.

கேள்வி: 'போதுமான செல்கள் இல்லை, மறுபடி எடுக்கவும்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒழுங்காக எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

சில சமயம் அப்படியும் இருக்கும், மறுக்க மாட்டேன். பல சமயம் கட்டியே காரணம், உள்ளே நார் விட்டு இறுகியிருந்தால் ஊசிக்கு ஒன்றும் வராது, ஆழத்தில் இருந்தால் கைக்கு அகப்படாது. இரண்டாம் தடவை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே எடுக்கச் சொல்லுங்கள், எந்தக் கணு, அதில் எந்தப் பகுதி என்று குறிவைக்கலாம். எடுத்த ஸ்லைடில் ஒன்றை அங்கேயே சாயம் போட்டுப் பார்த்துச் செல் இருக்கிறதா என்று உறுதி செய்யும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. 2020-ல் வந்த சிட்னி முறைப்படி ரிப்போர்ட்டுகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறோம், அதில் முதல் வகையே 'போதாது' என்பதுதான். போதாததைப் போதாது என்று எழுதியவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

கேள்வி: இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசிக்கு முன் நிறுத்த வேண்டுமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. கைக்குத் தட்டுப்படும் கழுத்துக் கணுவில் மெல்லிய ஊசி என்றால் பெரும்பாலும் நிறுத்தாமலேயே எடுத்துவிடலாம், மெல்லிய ஊசியை இன்னும் மெல்லியதாக மாற்றிக்கொண்டு, அதிக நேரம் அழுத்திப் பிடிப்போம். மார்புக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ இருக்கும் கணு என்றால் கணக்கு மாறும், அதை உங்கள் இதய மருத்துவரும் ஊசி எடுப்பவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரைச் சீட்டை மறக்காமல் கையோடு எடுத்துப் போய், ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.